பிளாஸ்க் பட்டறையின் எட்டுப் பெண்கள்

"முதல் கிழமை கரையிலை நிண்ட ரெண்டு பேர் போயிட்டினம்," என்றார் மேரிசாந்தி. "அடுத்த கிழமை பின்னுக்கு நிண்டவை. போன ஞாயிறு இன்னும் கொஞ்சப் பேர். இப்ப ஒராள்தான் மிச்சம்."

வாடகைக்கு இருந்தவர்கள் வீடு மாறிப் போனதைச் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது சுவரில் தொங்கிய ஒரு புகைப்படத்தைப் பற்றி. ஹீற்றர் போட்ட வீடு, வெளியே நல்ல பகல் வெயில், அப்படியிருந்தும் எனக்கு முதுகு குளிர்ந்தது.

என் பெயர் கிளின்ரன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் வசந்தமலர் துப்பறியும் நிலையத்தில் நான்தான் சாரதி, தேநீர் போடுபவன், வாய் காட்டுபவன். வசந்தக்கா முன்பு ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் விபத்துப் படங்களைப் பார்த்துப் பொய்க் கேஸ்களைப் பிடித்தவர். இப்போது எங்கள் சனத்தின் பொய்களைப் பிடிக்கிறார். வேலைக்குக் குறைவில்லை.

குட்மேய்ஸில் இருந்த அந்த வீட்டின் நடைவழி முழுக்கச் சீனா தொங்கியது. மேரிசாந்தியின் தகப்பன் அருட்பிரகாசம் மன்னார் பேசாலைக்காரர், சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்தவர். எண்பதுகளில் கப்பல் சீனத் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும்போது, அங்கிருந்த மாலுமிகள் சங்கம் கப்பல்காரரை பஸ்ஸில் ஏற்றித் தொழிற்சாலை காட்டக் கூட்டிப் போகுமாம். மற்றவர்கள் பஸ்ஸிலேயே நித்திரை கொள்ள, இவர் கமராவோடு இறங்கியிருக்கிறார். ஆவி பறக்கும் தொட்டிகளில் பட்டுக்கூடு அவிக்கும் பெண்கள், இரும்புச் சட்டியைச் சுத்தியலால் தட்டும் ஆண்கள், எனாமல் கோப்பைக்குப் பூ வரையும் பெட்டைகள். நிறம் மங்கிச் செம்மஞ்சள் ஏறிப்போன படங்கள். அத்தனை பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். இத்தனை கண்களுக்கு நடுவே ஒரு பெண் தனியாக இந்த வீட்டில் எப்படிப் படுத்தெழும்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் தொங்கியதுதான் எங்கள் வழக்கு. பிளாஸ்க் செய்யும் பட்டறை. நீள மேசை, அதன்மேல் சிவப்புப் பூப் போட்ட பிளாஸ்க்குகள், எங்கள் எல்லார் வீட்டிலும் ஒருகாலம் இருந்த அதே பிளாஸ்க்குகள். மேசைக்குப் பின்னால் அருட்பிரகாசம் சிரித்தபடி நின்றார். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சீனப் பெண். வேறு ஒருவரும் இல்லை.

"எட்டுப் பொம்பிளையள் நிண்டவை," என்றார் மேரிசாந்தி. "சின்னனிலை இருந்து பாக்கிறன். எனக்குத் தெரியாதோ?"

"போனிலை ஒரு படம் எடுத்து வைச்சிருக்கலாமே, அக்கா?" என்றேன் நான்.

"எடுக்கப் பயம், தம்பி. எடுத்துப் பாத்து, அதிலை எட்டுப் பேரும் நிண்டினமெண்டால்?"

சொல்ல வைத்திருந்த பகிடியை விழுங்கிவிட்டேன்.

"உங்கடை தம்பி ஜெஸ்ரினுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டார் வசந்தக்கா.

"ஐயோ, வேண்டாம். அவன் உடனை டொக்டரிட்டைக் கொண்டு போவான். அம்மாவுக்கும் இந்தப் படத்திலைதான் துடங்கினது."

தாய் அருள்நாயகி லண்டனுக்கு வந்து சில வருடங்களில் நடந்ததாம். அருட்பிரகாசம் அப்போதும் கப்பலில்தான், லீவுக்கு வந்துபோவார். அப்படி அவர் வந்திருந்த ஒருநாள், 'படத்திலை நிக்கிறவ தலைமயிரை வெட்டிப்போட்டா' என்று அருள்நாயகி கத்தியிருக்கிறார். அருட்பிரகாசம் மகளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினார். பின்னல் கிடக்கோ, இல்லையோ என்று கேட்டார். பின்னல் கிடந்தது. சின்னப் பிள்ளை மேரிசாந்தியும் ஓமென்று தலையாட்டினார். பிறகு டொக்டர், ஆசுப்பத்திரி, குளிசை என்று தாயின் வாழ்க்கை போய்விட்டது. இன்று நோர்பரியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். தகப்பன் போன வருடம் காலமாகிவிட்டார்.

"எனக்கு ஒரேயொரு பதில் வேணும்," என்றார் மேரிசாந்தி. "திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறன். அம்மாவுக்கு எழுதினதைத்தான் எனக்கும் எழுதுவினம். அதுக்கு முதல் நீங்கள் சொல்லுங்கோ, வசந்தக்கா. எனக்கு விசரோ, இல்லையோ?"

வசந்தக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். அது அவருடைய இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம். பொய் செய்கிறவன் ஆட்கள் பார்க்கும் இடத்தைத்தான் திருத்துவான், அடியைத் தொடமாட்டான் என்பார்.

"கிளின்ரன், மேசைக்குக் கீழை என்ன தெரியுது?"

குனிந்து பார்த்தேன். கறுப்புத் துணிச் சப்பாத்துகள், சோடி சோடியாக, வரிசையாக. அருட்பிரகாசத்தின் தோல் சப்பாத்தை விட்டால் எட்டுச் சோடி. மேலே அவரைத் தவிர ஒரேயொரு பெண்தான். பயம்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"பேய்க்குக் கால் இல்லை எண்டுதானே சொல்லுறவை, அக்கா? இஞ்சை கால் மட்டும் நிக்குது."

"அதாலைதான் இது பேயின்ரை வேலை இல்லை," என்றார் வசந்தக்கா. "மேரிசாந்தி, கிட்ட வாங்கோ. நீங்களே எண்ணுங்கோ."

மேரிசாந்தி தயங்கித் தயங்கி வந்தார். மூன்று கிழமைகளாக அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனவர். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எட்டாவது சோடியில் விரலை நிறுத்தினார்.

"நீங்கள் சொன்ன எட்டுப் பேரும் நிண்டவை," என்றார் வசந்தக்கா. "ஆரோ இடுப்புக்கு மேலை மட்டும் அழிச்சிருக்கினம். உங்கடை கண்ணிலை ஒரு பிழையும் இல்லை."

"ஆர் அழிச்சது? ஏன்?"

"அதை உங்கடை அப்பாதான் சொல்லோணும். அவர் பட்டறை பாக்கப் போகேக்கை ரை கட்டிக்கொண்டு போறவரோ?"

அப்போதுதான் நாங்கள் இருவரும் அருட்பிரகாசத்தின் கழுத்தைப் பார்த்தோம். எண்ணெய்க் கறை பிடித்த சேட்டுக்கு மேல் ஒரு மெரூன் ரை. அதில் சாய்வாக வெள்ளைக் கோடு.

"அப்பா தன்ரை கலியாணத்துக்கே ரை கட்டேல்லை," என்றார் மேரிசாந்தி மெல்ல.

"இடுப்புக்கு மேலை மட்டும் துப்பரவாக்கி ரை கட்டி விடுறது ஆர், கிளின்ரன்?"

எனக்குப் பளிச்சென்றது. "செத்தவீட்டு நோட்டீஸ் அடிக்கிறவன்!"

எங்கள் சனத்தில் செத்தவர் சாரம் கட்டினபடி நோட்டீஸில் வரமாட்டார். தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்ற படமென்றாலும், தலையை வெட்டியெடுத்து, கோட்டும் ரையும் போட்டுத்தான் பரலோகம் அனுப்புவோம். அந்த ரையைத் தேடி நாங்கள் மூவரும் என் பழைய ரொயோட்டாவில் ஈஸ்ட் ஹாமுக்குப் போனோம்.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு பலசரக்குக் கடை. கண்ணாடியில் முருங்கைக்காய் விலைக்குப் பக்கத்தில் மரண அறிவித்தல்கள். சாவகச்சேரிக்காரர் ஒருவர், நானாட்டான்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மூவர் கழுத்திலும் அதே மெரூன் ரை, அதே சாய்ந்த வெள்ளைக் கோடு.

"மேலை ஒரேயொரு ரைதான் கிடக்குது போலை," என்றேன். "முன்னுக்குப் போனவர் கழட்டிக் குடுத்தால்தான் அடுத்த ஆள் உள்ளுக்குப் போகலாம்."

மேரிசாந்தி பக்கென்று சிரித்துவிட்டார். பிறகு யாரும் கேட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார். நோட்டீஸின் அடியில் ஸ்டூடியோவின் பெயர் கிடந்தது. இரண்டு கடை தள்ளி, சேலைக்கடைக்குப் பின்னால்.

ஸ்டூடியோக்காரன் சுஜீத் ஒரு மணப்பெண்ணின் முகத்தைக் கொம்பியூட்டரில் வெள்ளையாக்கிக்கொண்டிருந்தான். வசந்தக்கா சட்டத்தோடு கொண்டுவந்த படத்தை மேசையில் வைத்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"ஓ, ஜெஸ்ரின் அண்ணையின்ரை வேலை! இன்னும் முடியேல்லை அக்கா. கோட்டு அடுத்த கிழமைதான் போடுவன்."

மேரிசாந்தி அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஜெஸ்ரின் கத்தினான்.

"அக்கா! சுஜீத் சொல்லிப்போட்டானோ? உங்களுக்குச் சர்ப்ரைஸாக் குடுக்கவெல்லோ இருந்தன். அப்பாவின்ரை ஆண்டுத் திருப்பலிக்கு நினைவு மலர் அடிக்கிறன். அவர் சிரிச்ச படம் அது ஒண்டுதானே. சனத்தைக் குறைச்சுத் தாங்கோ எண்டு குடுத்தனான்."

"அதை ஏன்ரா மாத்தி மாத்திச் சட்டத்துக்குள்ளை வைச்சனி?"

"வெறுஞ்சட்டம் தொங்கினால் கண்டுபிடிச்சிடுவீங்கள். நீங்கள் ஞாயிறு கோயிலிலை பாட்டுக் குழுவோடை நிக்கிற நேரமாப் பாத்து வந்து, புதுசாச் செய்ததைக் கொழுவிப்போட்டுப் போனன். அதை ஆர் வடிவாப் பாக்கப்போகினமெண்டு நினைச்சன்."

மேரிசாந்தி கதிரையில் இருந்து அழுதார், சிரித்தார், 'வீட்டை வா, உனக்கு இருக்கு' என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார். திங்கட்கிழமை டொக்டர் தேவையில்லை. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கக் கொத்துரொட்டிக் கடை பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன்.

வசந்தக்கா எழும்பவில்லை.

"சுஜீத், ஏழு பேரை அழிச்சனீர். இந்த ஒராளை மட்டும் ஏன் விட்டனீர்?"

சுஜீத் தலையைச் சொறிந்தான். "அவரின்ரை மனிசியெண்டு நினைச்சன், அக்கா."

"சீனப் பொம்பிளையெண்டு முகத்திலை தெரியேல்லையோ?"

"தெரியுது. எண்டாலும் தோள் முட்ட நிக்கிறா. எங்கடை ஆக்கள் பிற பொம்பிளையோடை அப்பிடி நிண்டு படம் எடுப்பினமோ? அதோடை மற்றப் படத்திலையும் அவதானே நிக்கிறா."

"எந்த மற்றப் படம்?"

சுஜீத் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தான். "சட்டத்திலை இருந்து வந்தது ஒண்டில்லை, ரெண்டு. ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கிடந்தது. ஜெஸ்ரின் அண்ணை கவனிக்கேல்லை. நான்தான் மெல்ல மெல்லப் பிரிச்செடுத்தனான்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அதே பட்டறை, அதே மேசை, அதே எட்டுப் பெண்கள், அதே இடத்தில் அதே சிரிப்போடு அருட்பிரகாசம். ஆனால் இரண்டாவது படத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குப் பின்னல் இல்லை. தலைமயிர் காதளவுக்கு வெட்டப்பட்டிருந்தது.

இவ்வளவு நேரமும் பேயைப் பற்றிப் பகிடி விட்டவன் நான், இப்போதுதான் உண்மையாகப் பயந்தேன். மேரிசாந்தியின் உதடுகள் அசைந்தன.

"தலைமயிரை வெட்டிப்போட்டா," என்றார். அது அவருடைய குரல்போல் இல்லை.

"ரெண்டிலையும் பின்சுவரிலை கலண்டர் தொங்குது, பாருங்கோ," என்றார் வசந்தக்கா. "பின்னல் போட்டது எண்பத்தைஞ்சு. வெட்டினது எண்பத்தேழு. சட்டத்துக்குள்ளை எது மேலை கிடந்தது, சுஜீத்?"

"பின்னல் போட்டதுதான்."

வசந்தக்கா பெருமூச்சு விட்டார். "எங்கடை வீடுகளிலை புதுப் படத்துக்குப் புதுச் சட்டம் வாங்கிறதில்லை. பழசைக் கழட்டாமல் அதுக்கு மேலை புதுசை வைச்சுக் கொழுவிறது. அப்பிடியெண்டால் எண்பத்தேழுதான் மேலை கிடக்கோணும். இஞ்சை பழசு மேலை வந்திருக்கு. ஆரோ திருப்பி மாத்தியிருக்கினம்."

"அப்பா," என்றார் மேரிசாந்தி.

"ஓம். புதுசை வைக்கேக்கை அவரும் ஜெஸ்ரின் மாதிரித்தான் நினைச்சிருப்பார், ஆர் பாக்கப்போகினமெண்டு. அம்மா பாத்திட்டா. அவ கத்தினவுடனை, உங்களைக் கூட்டிவர முதல், பழசை எடுத்து மேலை வைச்சிட்டார்."

ஜெஸ்ரின் ஒரு போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான். தகப்பன் சொல்லவில்லை. ஒரு சின்னப் பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்து, கட்டின மனைவியை ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அந்தப் படத்தைத் தினமும் கடந்து நடந்திருக்கிறார். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் அந்த மெரூன் ரையைப் பிடித்து இறுக்கியிருப்பேன்.

"உங்களுக்கு விசர் இல்லை, மேரிசாந்தி," என்றார் வசந்தக்கா. "உங்கடை அம்மாவுக்கும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

மேரிசாந்தி இரண்டு படங்களையும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "நான் தலையாட்டினனான், அக்கா," என்றார். "கிடக்கு எண்டு தலையாட்டினனான்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, என்னை நோர்பரிக்குக் கொண்டுபோய் விடுவீங்களோ?"

ஆற்றைக் கடந்து தெற்கே ஓட்டினேன். கண்ணாடியில் பின்சீற்றைப் பார்த்தேன். மேரிசாந்தி மடியில் இருந்த படங்களைக் குனிந்து பார்த்தபடியே இருந்தார். அந்தப் பட்டறைக்காரர் எல்லாரும் எங்களோடு காரில் ஏறி வருவதுபோல் எனக்கு ஒரு நினைப்பு.

அருள்நாயகி யன்னலோரக் கதிரையில் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தலையை வழித்து இழுத்துக் கட்டியிருந்தார். மகள் படங்களை மடியில் வைத்ததும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஒன்றை முதலில் பார்த்தார். மற்றதை அதிக நேரம் பார்த்தார்.

"சொன்னனான்தானே, வெட்டிப்போட்டா எண்டு," என்றார். கோபமே இல்லை.

"ஓம், அம்மா. நீங்கள் சொன்னது சரி. நான்தான் பிழையாச் சொன்னனான்." மேரிசாந்தி தாயின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். "ஜெஸ்ரினுக்குக் காட்டுவன். டொக்டருக்கும் காட்டுவன். எல்லாருக்கும் காட்டுவன்."

"நீ குழந்தைப் பிள்ளை. அப்பர் கேட்டார், கிடந்ததைச் சொன்னனி." அருள்நாயகி மகளின் தலையைத் தடவினார். "காட்டுறதெண்டால் என்னட்டை அண்டைக்கே ஒண்டு இருந்தது. முதல்தரம் ஆசுப்பத்திரியாலை வந்த பிறகு அவர் கப்பலுக்குக் கொண்டுபோற பாக்குக்குள்ளை கண்டெடுத்தனான். மூண்டாவது படம். அதைக் காட்டியிருந்தால் என்னை விசரியெண்டு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம்."

வசந்தக்கா என்னைப் பார்த்தார். துப்பறிய வந்த எங்கள் இருவருக்குமே இது தெரிந்திருக்கவில்லை.

"அந்தப் படம் எங்கை, அம்மா?" என்று கேட்டார் வசந்தக்கா.

"அடுப்பிலை வைச்சு எரிச்சுப்போட்டன். அதுக்குப் பிறகு ஆரோடையும் கதைக்கவும் இல்லை. திருப்பியும் கொண்டுபோகேக்கை பேசாமல் போனனான்."

"ஏனம்மா?" மேரிசாந்தி நிமிர்ந்தார். "அதுதானே உங்களுக்கிருந்த ஒரேயொரு சாட்சி. ஏன் எரிச்சனீங்கள்?"

"காட்டினால் உங்களுக்கு அப்பா இருந்திருக்கமாட்டார். நீ அவருக்கு மேலை உயிராத் திரிஞ்சனி. ஜெஸ்ரின் அப்பதான் நடக்கத் துடங்கினவன்."

"அதிலை என்ன இருந்தது?"

அருள்நாயகி வெட்டிய தலைமயிரோடு நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் விரலை வைத்தார்.

"இவ இடுப்பிலை ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு நிண்டா. உன்ரை அப்பா பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். பிள்ளைக்கு ஒரு நீலச் சுவெற்றர், முன்னுக்கு ரெண்டு வாத்து. ஜெஸ்ரினுக்கு நான் பின்னினது. உடுப்புத் தோய்க்கிற கடையிலை துலைஞ்சு போச்செண்டு அப்பா எனக்குச் சொன்னவர்."

மேரிசாந்தி வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தக்கா யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். குட்மேய்ஸ் வீட்டுச் சுவரில் தொங்கிய அத்தனை சீனத்துக் கண்களுக்கும் இது இத்தனை காலமும் தெரிந்திருந்தது என்று மட்டும் தோன்றியது.

அருள்நாயகி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மகளின் கையில் கொடுத்தார்.

"நல்ல கம்பளி அது," என்றார். "அந்தப் பிள்ளைக்குக் குளிர்ந்திராது."